தோணித்துறைக் குடியின் மூத்த மகன்

மாசியில் தாய்மாமன் செத்தபோது அழகரத்தினம் அழுதார். அழவில்லை என்று ஒருவரும் வாய் திறக்க முடியாது. ஆனால் அழுகை பாதியில் இருக்கும்போதே அவருடைய மனம் ஆனித் திருவிழாவுக்கு ஓடிவிட்டதை மனைவி பாக்கியப்பிள்ளை கண்டுபிடித்துவிட்டாள். பிரேதத்தின் தலைமாட்டில் இருந்தபடி மனுஷன் தோளில் கிடந்த துவாயை எடுத்து மடித்து, சால்வை போடுகிற மாதிரி இடது தோளில் ஒரு தரம், வலது தோளில் ஒரு தரம் போட்டுப் பார்த்தார்.

"செத்த வீட்டில என்ன பார்வை இது?" என்று அவள் காதுக்குள் கேட்டாள்.

"வேர்க்குது," என்றார் அழகரத்தினம்.

அவரைக் குறை சொல்வதற்கில்லை. நாவற்துறைப் பிள்ளையாருக்கு வாவியில் தீர்த்தம் முடிந்ததும் கரையில் பந்தலுக்குள் சபை கூடும். ஒவ்வொரு குடியின் பெயரையும் ஒழுங்குப்படி கூவி, அந்தக் குடியின் தலைவருக்கு ஒரு பித்தளைத் தட்டத்தில் வெற்றிலை, பாக்கு, தேங்காய், வாழைப்பழம் வைத்துக் கொடுப்பார்கள். அதற்குக் காளாஞ்சி என்று பெயர். களுவாஞ்சிக்குடிச் சந்தையில் யாரும் நின்று பார்க்காத சாமான்கள்தான். ஆனால் அந்தத் தட்டத்துக்காக நாவற்துறையில் மண்டை உடைந்திருக்கிறது, கலியாணம் குழம்பியிருக்கிறது, ஒரே வட்டையில் பக்கத்துப் பக்கத்து வயலில் நின்று அண்ணனும் தம்பியும் வருடக்கணக்காக முகம் பார்க்காமல் வேளாண்மை வெட்டியிருக்கிறார்கள்.

குடி என்பது தாய்வழி. தாய் என்ன குடியோ பிள்ளையும் அந்தக் குடி; தகப்பன் கணக்கில் வரமாட்டான். தலைமையும் மாமனிடமிருந்து அவனுடைய சகோதரியின் மூத்த மகனுக்கே இறங்கும். தோணித்துறைக் குடியின் தலைமையை மாமன் ஒருமுறை கையில் எடுத்தவர், பிறகு கீழே வைக்கவே இல்லை. இளந்தாரியாக அவருக்குப் பக்கத்தில் நின்று குடை பிடிக்கத் தொடங்கிய அழகரத்தினம், கூட்டுறவுச் சங்கக்கடைக்கு மனேச்சராகி, தலை நரைத்து, மகளுக்குக் கலியாணம் பேசுகிற காலத்திலும் குடைதான் பிடித்துக்கொண்டு நின்றார். வருடா வருடம் அந்தத் தட்டம் மாமனின் கைக்குப் போகும்போது அவருக்கு வயிற்றுக்குள் ஏதோ எரியும். கூழ் குடித்தால் கொஞ்சம் தணியும்.

இனி அந்த எரிச்சல் இல்லை என்று அவர் நினைத்திருந்த நேரத்தில்தான் மேஜர் குறுக்கே வந்து சேர்ந்தார்.

அது ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபதாம் ஆண்டு. மார்ச்சில் ஒரு தேர்தல் நடந்து, வந்த அரசாங்கம் சூடு ஆறுமுன் விழுந்து, யூலையில் இன்னொரு தேர்தல் என்று அறிவித்திருந்தார்கள். மார்ச்சில் சுயேச்சையாக நின்று கட்டுக்காசை இழந்த மேஜர் நிருபேந்திரநாத் புர்காயஸ்தா, யூலையிலும் அதே குடைச் சின்னத்தில் நிற்கிறார் என்று ஊர் முழுக்கச் சுவரொட்டி. அந்தப் பெயரை முழுதாகச் சொல்லக்கூடிய நாக்கு வாவியின் இரு கரையிலும் இருக்கவில்லை. ஆகவே எல்லோருக்கும் அவர் மேசர் ஐயா.

மேஜரின் வாழ்க்கைச் சரித்திரம் ஊருக்குப் பாடம். மேஜரே கூட்டம் கூட்டமாகச் சொல்லிவந்தார். பிறந்தது வங்காளத்தில், சில்லெட் என்ற ஊரில். வெள்ளைக்காரனின் பட்டாளத்தில் சேர்ந்து, யுத்தக் காலத்தில் மட்டக்களப்பு முகாமுக்கு வந்தார். பர்மாவில் சண்டை பிடித்துக் காலில் சன்னம் பாய்ந்து, இன்றைக்கும் கொஞ்சம் நொண்டி நடக்கிறார். யுத்தம் முடிந்து ஊருக்குப் போனால், பிறந்த வீடு இருந்த இடத்தில் இருக்க, பிரிவினையில் நாடு மட்டும் மாறிப்போயிருந்தது. திரும்பி வந்தார். டவுனில் பறங்கித் தெரு மவுறீன் மிஸ்ஸைக் கலியாணம் முடித்தார். வாவிக்கு அந்தப் பக்கம் தென்னந்தோட்டம் வாங்கினார். பிரசை என்று பத்திரம் எடுத்தார். அரசியலுக்கு வந்தார்.

இதில் ஒவ்வொரு வரிக்கும் அழகரத்தினத்திடம் ஒரு மறுப்பு இருந்தது. யுத்தக் காலத்தில் அவர் அந்த முகாமின் சாமான் கொட்டிலில் சாக்கு எண்ணுகிற வேலை பார்த்தவர். மேஜர் சண்டை பிடித்தது பருப்பு மூட்டைகளோடு என்பது அவருக்குத் தெரியும். அடுக்கு சரிந்து கால் நசுங்கியதைக் கண்ணால் கண்டவர். மூட்டைகளுக்குள் கையை விட்டு ஆளை இழுத்தெடுத்தவரும் அவர்தான். அதை வெளியே சொன்னால் பொறாமையில் சொல்கிறான் என்பார்கள். பொறாமைதான், ஆனாலும் உண்மை. அதைவிடப் பெரிய புண், இழுத்தெடுத்தவனை மேஜர் இத்தனை வருடத்தில் ஒரு நாளாவது அடையாளம் தெரிந்ததாகக் காட்டவில்லை. ஒரு நாட்டையே இழந்தவனுக்குத் தோட்டமும் வெள்ளைத்தோல் பெண்சாதியும் கைதட்டலும் கிடைக்குமென்றால், ஒன்றையும் இழக்காத எனக்கு ஏன் சங்கக்கடை மட்டும் என்று அவர் பலமுறை பிள்ளையாரிடம் கேட்டிருக்கிறார்.

தமிழ்கூட மேஜருக்கு வாய்த்துவிட்டது. முகாமில் சமைத்த களுதாவளைக்காரனிடம் படித்த தமிழ். மேடையில் ஏறி, "என்ன மனே, சுகமா இருக்கியளா? மறுகா வாறன் என்டு சொல்லிப்போட்டுப் போனன், வந்திட்டன்!" என்றால் சனம் விழுந்து விழுந்து கைதட்டும். அதே வசனத்தை அழகரத்தினம் பிறந்த நாளிலிருந்து சொல்லி வருகிறார். ஒரு குழந்தைகூடக் கைதட்டியதில்லை.

வைகாசிக் கடைசியில் கோயில் நிர்வாக சபை கூடியது. தலைமை, வண்ணக்கர் வினாயகமூர்த்தி. கோயிலுக்கு வண்ணக்கர் என்றால் பிள்ளையாருக்கு அடுத்த ஆள். வினாயகமூர்த்தியின் அபிப்பிராயத்தில் அந்த வரிசையே ஒருமுறை ஆராயப்பட வேண்டியது.

"விதி என்டா விதிதான்," என்று அவர் தொடங்கினார். "குடி இல்லாதவருக்குக் காளாஞ்சி இல்ல. நான் உசிரோட இருக்கிற வரைக்கும் அந்த விதியை மாத்த ஒண்ணா. அதுக்காகத்தான், அதை மாத்தாம எப்பிடி மாத்துற என்டு யோசிக்கக் கூடியிருக்கிறம். மேசர் ஐயா திருவிழாவுக்கு லைற் எஞ்சின் தாறன் என்டிருக்கார். நான் லைற்றுக்காகப் பேசல்ல. எனக்கு என்னத்துக்கு வெளிச்சம்? என்ட வீடு கோயில் மதிலோடதான் இருக்கு, ஒரு வயரை இழுத்தாப் போதும், அது வேற கதை. அப்பிடிப்பட்ட மனுசனுக்கு ஒரு காளாஞ்சி குடுக்காட்டி நம்மட கோயில்ர மானம் என்னாகிறது?"

மேஜருக்கு என்ன குடி என்று கண்டுபிடிப்பதற்கு விசாரணைக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. இங்கிலீசு தெரிந்த ஆள் வேண்டுமென்று அழகரத்தினத்தையும் அதில் போட்டார்கள்.

குழு தோணியில் வாவி கடந்து மேஜரின் பங்களாவுக்குப் போனது. மவுறீன் மிஸ் கேக் வெட்டி வைத்து இஞ்சிச் சோடா ஊற்றினாள். மேஜர் எல்லோருக்கும் கைகொடுத்தார்; அழகரத்தினத்துக்கும் மற்றவர்களுக்குக் கொடுத்த அளவுதான் கொடுத்தார். வண்ணக்கர் தொண்டையைச் செருமினார்.

"உங்கட தாய்ட தாய்க்குப் பேர் என்ன, ஐயா?"

மேஜர் எழுந்து நின்று தன் தகப்பன், தகப்பனின் தகப்பன் என்று தொடங்கி, பதின்நான்கு தலைமுறையை அணிவகுப்பில் ஆள் கூப்பிடுகிற மாதிரி ஒப்பித்தார்.

"அதெல்லாம் ஆம்பிளையள். தாய்வழியச் சொல்லுங்கோ."

மேஜர் யோசித்தார். "அம்மாட அம்மாவை நாங்க திதிமா என்டு கூப்பிட்டது. பேர் தெரியாது, மனே."

தாயின் தாயுடைய பெயர் தெரியாமல் ஒரு மனிதன் ஐம்பது வயது கடந்து, மேஜராகி, தேர்தலிலும் நிற்கலாம் என்பது குழுவுக்குப் பேரதிர்ச்சியாக இருந்தது. ஓர் உறுப்பினர் கேக்கைக் கீழே வைத்துவிட்டார். "இப்பிடியும் ஒரு தேசம் இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டார். அழகரத்தினத்துக்கு உள்ளுக்குள் பாற்சோறு தின்ற மாதிரி இருந்தது. பதின்நான்கு தலைமுறையும் போயே போயிற்று.

குழுவின் முடிவை அடுத்த கூட்டத்தில் வண்ணக்கர் வாயால் அறிவித்தார். மேஜர் மீன் தின்கிறார், ஆனால் எந்தக் குடிக்காரரும் தின்னாத விதமாகக் கடுகு அரைத்துத் தின்கிறார். தோணியில் ஏறும்போது நொண்டாத காலை முதலில் வைக்கிறார். அதிலிருந்து ஒன்றும் தெரியவில்லை. ஆகவே அவருக்குக் குடி உண்டென்றோ இல்லையென்றோ சொல்வதற்கில்லை.

சபை கவலையில் ஆழ்ந்தது. மூன்று மணித்தியாலம் விவாதம் நடந்தது. லைற் எஞ்சின் கையைவிட்டுப் போகிற துக்கம் எல்லோர் முகத்திலும் இருந்தது. அழகரத்தினத்தின் முகத்தில் மட்டும் ஒரு களை. அந்தக் களையில்தான் அவர் வாயை விட்டார்.

கோயிலுக்கு நேர்ந்துவிட்ட மாடு ஒன்று ஊரில் நின்றது. அது எவருடைய வேளாண்மையை மேயலாம் என்று ஒரு காலத்தில் பெரிய வழக்கு. கடைசியில் சபை அந்த மாட்டுக்கும் ஒரு குடி வேண்டுமென்று தீர்மானித்து, பெரியவளவுக் குடியில் ஒரு பெண்ணைக் கொண்டு அதன் வாயில் பாற்சோறு தீத்தி, அவளுக்கு மகனாக்கிவிட்டது. அதன்பிறகு மாடு பெரியவளவுக் குடியாரின் வயலில் மட்டுமே மேய்ந்தது என்று சபை நம்பியது.

"அப்ப ஏன் யோசிக்கிறியள்?" என்றார் அழகரத்தினம். "மாட்டுக்குச் செய்த மாதிரி இவருக்கும் ஒரு தாயைப் பிடிச்சுப் பாற்சோறு தீத்தி விடுங்கோவன்!"

அவர் சிரிப்பை எதிர்பார்த்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. வண்ணக்கரின் கண்கள் கலங்கின.

"பிள்ளையார்தான் இவர்ட வாயில இருந்து பேசுறார். கணக்குப்பிள்ளை, பதியும். முன்மொழிந்தவர் அழகரத்தினம்."

"ஐயோ, நான் பகிடிக்குச் சொன்னது!"

"பகிடிக்கென்டு இந்தச் சபையில இண்டுவரைக்கும் ஒண்டும் நடந்ததில்ல," என்றார் வண்ணக்கர் கண்டிப்பாக. "மறுகா, முன்மொழிஞ்சவர்ட குடிதான் கைகுடுக்கோணும். அது முறை."

"எப்ப இருந்து முறை?"

"இப்ப இருந்து."

தோணித்துறைக் குடியில் வயதில் மூத்த தாய் அன்னப்பூரணி. அழகரத்தினத்தைப் பெற்றவள். சபை கலையுமுன் தீர்மானம் நிறைவேறியது. எதிர்த்துக் கைதூக்கியவர் முன்மொழிந்தவர் மட்டும்தான். அது விதிக்குப் புறம்பென்று அந்தக் கையை எண்ணவில்லை.

அவர் ஓட்டமும் நடையுமாகத் தாயிடம் போனார். அன்னப்பூரணி மகளுடன் பக்கத்து ஒழுங்கையில் இருந்தாள். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தானே. வைராக்கியக்காரி, மறுத்துவிடுவாள் என்று அவர் நம்பியிருந்தார். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கினாள்.

"அந்த மனுசன் மீன் தலை தின்னுவாரா?"

"எனக்கு என்ன தெரியும்?"

"நீயும் தின்ன மாட்டாய், உன்ட தங்கச்சியும் தின்ன மாட்டாள். எத்தினை வருசமா நான் தனிய இருந்து தலை சூப்புறன்."

பாற்சோறு தீத்திய அன்று மேஜர் வெள்ளை வேட்டியோடு வந்து, நொண்டிக் காலை மடித்துச் சாணி மெழுகிய தரையில் சம்மாணம் கொட்டி இருந்தார். அன்னப்பூரணி மூன்று பிடி ஊட்டினாள். அதன்பிறகு சாப்பாடு. மணலை மீன் தலை, இறால் சொதி, முருங்கையிலைச் சுண்டல். மேஜர் தலையை இரண்டு கையாலும் பிடித்து, கண், கன்னம், மூளை என்று ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து, முள்ளை மட்டும் சுத்தமாக இலையோரத்தில் அடுக்கினார். அன்னப்பூரணி எதிரே இருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். மேஜரின் கண்ணில் தண்ணீர் வந்தது.

"உறைப்பா, மனே?" என்றாள்.

"இல்ல, அம்மா."

மனே! அழகரத்தினத்தை அவள் "டேய்" என்பாள், கோபம் வந்தால் "தகப்பனுக்குப் பிறந்தவனே" என்பாள். மகனே என்கிற அந்த வார்த்தை அவளிடம் இருக்கிறதென்றே அவருக்குத் தெரியாது. அவர் தன் இலையில் கிடந்த மீன் தலையை எடுத்து வாய்க்குள் வைத்தார். முள் குத்தியது. யாரும் கவனிக்கவில்லை.

அடுத்த இடி வண்ணக்கரிடமிருந்து வந்தது. மேஜருக்கு வயது ஐம்பத்திரண்டு, அழகரத்தினத்துக்கு நாற்பத்தைந்து. ஆகவே மூத்த மகன் மேஜர். ஆகவே குடித்தலைமையும் காளாஞ்சியும் மேஜருக்கு.

"அம்மாவுக்கே அறுபத்தைஞ்சுதான்! பதின்மூண்டு வயசிலயா பெத்தவ?"

"அந்தக் காலத்தில எல்லாம் வேளைக்குத்தானே," என்றார் வண்ணக்கர்.

அழகரத்தினம் இரண்டு நாள் சங்கக்கடைக் கதவைச் சாத்திவிட்டு யோசித்தார். அரிசி வாங்க வந்தவர்கள் வெளியே நின்று ஏசினார்கள். மூன்றாம் நாள் அவருக்கு ஒரு வாதம் உதித்தது. அதைப் பாக்கியப்பிள்ளையிடம் சொல்லிப் பார்த்தார், அவள் அடுப்பை ஊதிக்கொண்டே, "சும்மா இருந்தா என்ன?" என்றாள். சும்மா இருக்கக்கூடிய நிலையில் அவர் இல்லை. நேரே சபைக்குப் போனார்.

"மேசர் இந்தக் குடியில பிறந்து எத்தினை நாள்? பாற்சோறு தீத்தின அண்டுதானே பிறந்தவர்? அப்ப அவர் கைக்குழந்தை. நான் அவருக்கு அண்ணன்!"

சபை திகைத்தது. ஒன்றிரண்டு தலைகள் ஆமோதித்து ஆடின.  அழகரத்தினத்துக்குத் தலைவரின் பட்டுச் சால்வை தோளில் வந்து விழுந்தது போலவே இருந்தது. வண்ணக்கர் கணக்குப்பிள்ளையின் புத்தகத்தைத் திறக்கச் சொன்னார்.

"சரி. நீர் சொல்றதை ஏத்துக்கொள்ளுறம். தோணித்துறைக் குடியில ஒரு குழந்தை பிறந்திருக்கு."

"ஓம்!"

"அப்ப தோணித்துறைக் குடிக்குத் துடக்கு. முப்பத்தொரு நாளைக்கு உங்கட குடியில ஒரு சீவனும் கோயில் வாசலுக்கு வர ஒண்ணா. திருவிழாவுக்கு இன்னும் இருவது நாள்தான் இருக்கு. இந்த வருசம் உங்கட குடிக்குக் காளாஞ்சியே இல்ல. பதியும், கணக்குப்பிள்ளை."

அதைக் கேட்டுத் தோணித்துறைக் குடிக்காரர்கள் எழுந்த வேகத்தில் அவர்கள் இருந்த வாங்குப் பலகை கவிழ்ந்தது. "உனக்குக் கிடைக்கல்ல என்டு குடியையே தீட்டாக்கிறியா?" என்று சொந்தச் சின்னம்மா மகன் சட்டையைப் பிடித்தான். அழகரத்தினம் தன் வாதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். மேஜர் குழந்தை அல்ல, தனக்கு மூத்தவர், தன் கூடப்பிறந்த அண்ணன் என்று சபையின் முன் மூன்று முறை சொல்லச் சொன்னார்கள். சொன்னார்.

தீர்த்தத்தன்று லைற் எஞ்சின் வந்தது. பட்டாளத்தில் கழித்துவிட்ட எஞ்சின். பகலிலேயே அதை ஓடவிட்டார்கள், ஏனென்றால் இரவுவரை ஓடும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. பறை, மேளம், அரோகரா எல்லாவற்றையும் அது அமுக்கிவிட்டது. வண்ணக்கரின் வீட்டு முன்வாசலில் ஒரு பல்பு நடு மத்தியானத்தில் எரிந்துகொண்டிருந்தது.

பந்தலில் வண்ணக்கர் பேசினார். "இண்டைக்கு நம்மட கோயில் உலகத்துக்கே ஒண்டைக் காட்டியிருக்கு. நமக்கு நாடு, பாசை, சாதி ஒரு பேதமும் இல்ல! கடல் கடந்து வந்த வங்காளத்தாருக்கே குடி குடுத்திருக்கிறம். அந்தா வேலிக்கு அங்கால நிக்கிற ஆக்கள் இஞ்சால வர ஒண்ணா. அது வேற விசயம், அது முறை. ஆனா பேதம் இல்ல!"

வேலிக்கு அங்கால நின்றவர்களும் கைதட்டினார்கள். எஞ்சின் சத்தத்தில் பேச்சு அவர்களுக்குக் கேட்டிருக்காது.

பிறகு கூவினார்கள். "தோணித்துறைக் குடி! மூத்த மகன், மேசர் ஐயா! காளாஞ்சி!"

மேஜர் வெறும் மேலில் சால்வை போட்டு, சால்வையில் பட்டாளத்து மெடல்களைக் குத்தியிருந்தார். தலைவருக்குப் பக்கத்தில் இளையவன் நின்று குடை பிடிப்பது வழக்கம். அழகரத்தினம் பிடித்தார். மாமனுக்குப் பிடித்த அதே குடை, அதே கை. குடைதான் மேஜரின் தேர்தல் சின்னம் என்பது குழந்தைக்கும் தெரியும். கோயிலுக்குள் அரசியல் கூடாதென்று வாசலில் வண்ணக்கர் பலகை தொங்கவிட்டிருந்ததால், அது அரசியல் என்று ஒருவரும் சொல்லவில்லை. டவுனிலிருந்து வந்த படக்காரன் படம் எடுத்தான். அடுத்த நாள் தொகுதி முழுக்கச் சுவரொட்டி: மேஜரின் தலைக்கு மேல் குடை, குடைக்குக் கீழே அழகரத்தினத்தின் முழங்கை.

தட்டத்தை வாங்கிக்கொண்டு மேஜரும் பேசினார். "என்ட உறவுகளே! பட்டாளத்தில எத்தினையோ மெடல் எடுத்தன். ஒண்டையும் தின்ன ஒண்ணா. இதைத் தின்னலாம்! நான் வெண்டா இந்த வாவிக்கு மேல பாலம். தோத்தா, அடுத்த எலெக்சனுக்குப் பாலம். பட்டாளத்தில நான் படிச்சது ஒண்டுதான், மனே. பாலம் கட்டுறது பெரிசில்ல. பாலம் வருது, வருது என்டு சனத்தைக் கரையில நிக்க வைக்கிறதுதான் பெரிசு!"

சனம் ஆரவாரித்தது. அழகரத்தினத்துக்குக் கை வலித்தது.

யூலையில் மேஜர் மறுபடியும் தோற்றார். கட்டுக்காசும் மறுபடி போயிற்று. மற்றக் குடிக்காரர் போடுவார்கள்தானே என்று ஒவ்வொரு குடியும் வேறு ஆளுக்குப் போட்டிருந்தது. அழகரத்தினமும் குடையைத் தவிர மற்ற எல்லாச் சின்னத்தையும் ஆசையோடு பார்த்து, ஒன்றுக்குப் புள்ளடி போட்டார். வெளியே வந்ததும் தாய் கேட்டாள்: "அண்ணனுக்குப் போட்டனீதானே?"

"ஓம்," என்றார்.

மார்கழியில் மவுறீன் மிஸ்ஸின் அக்கா லண்டனிலிருந்து கூப்பிட்டாள். மேஜர் தோட்டத்தை மஜீட் முதலாளிக்கு விற்றுவிட்டு, பயணம் சொல்ல வந்தார். அன்னப்பூரணி மீன் தலை சமைத்தாள். இருவரும் எதிரெதிரே இருந்து தலை சூப்பினார்கள். போகும்போது அவள் அவருடைய தலையைத் தடவி, முந்தானையை வாய்க்குள் வைத்துக்கொண்டாள். தோணித்துறை வரைக்கும் அழகரத்தினம் கூடப் போனார். தூறல் போட்டது, கையில் குடை இருந்தது, கை தானாகவே அதை மேஜரின் தலைக்கு மேல் விரித்தது.

"இனிக் காளாஞ்சி உனக்குத்தான்," என்றார் மேஜர். "வண்ணக்கரிட்டச் சொல்லிப்போட்டன்."

அழகரத்தினத்துக்கு மேஜரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது.

"பருப்பு மூட்டைக்குள்ளால என்னை இழுத்தெடுத்தது நீதானே?"

அழகரத்தினம் நின்றுவிட்டார்.

"எனக்கு அண்டைக்கே தெரியும், மனே. உன்னைத் தெரியும் என்டா பர்மா போயிடும். பர்மா போனா ஆர் எனக்குக் கைதட்டுறது?" மேஜர் தோணியில் நொண்டாத காலை முதலில் வைத்தார். பிறகு திரும்பினார். "என்ட அம்மா சாகிற நேரம் எல்லை தாண்ட விடல்ல. கடிதம்தான் வந்தது. உன்ட அம்மா பக்கத்து ஒழுங்கையில இருக்கிறா. நீ போய்ச் சாப்பிடுறதில்ல. எனக்கு உன்னைக் கண்டா சரியான எரிச்சல்."

தோணி போயிற்று. தன்னைப் பார்த்து ஒருவன், அதுவும் மேஜர், எரிச்சல்பட்டான் என்பதை அழகரத்தினத்தால் நம்பவே முடியவில்லை. பிறந்ததிலிருந்து அவருக்கு அப்படியொரு மரியாதை கிடைத்ததில்லை. அன்று இரவு பாக்கியப்பிள்ளையிடம் அதை நான்கு தரம் சொன்னார். ஒழுங்கையைக் கடந்து தாயிடம் போய்ச் சாப்பிடத்தான் மறந்துபோனார்.

அடுத்த வைகாசியில் பட்டுச் சால்வையோடு சபைக்குப் போனார்.

"தலைவர் உசிரோட இருக்கிற நேரம் தலைமை இறங்க ஒண்ணா," என்றார் வண்ணக்கர்.

"அவரே விட்டுக் குடுத்திட்டார்!"

"குடி விட்டுக் குடுக்கிற சாமானா? தாய் பெத்தா பெத்ததுதான்."

"எங்கட அம்மா அவரைப் பெறல்லயே!"

"சபை பெத்தது," என்றார் வண்ணக்கர். "ஏகமனதாப் பெத்தது. முன்மொழிஞ்சவர் நீர். யோசிச்சுப் பாரும், லண்டன்ல தலைவர் இருக்கிற குடி இந்த மாகாணத்தில வேற எந்தக் கோயில்ல இருக்கு? பெரியவளவுக் குடிக்காரர் பொறாமையில வேகிறாங்கள்."

ஆனி வந்தது. எஞ்சின் இல்லை, மேளம் கேட்டது. பந்தலில் தோணித்துறைக் குடியின் இடத்தில் ஒரு கதிரை போட்டு, வெள்ளை விரித்திருந்தார்கள். "தோணித்துறைக் குடி! மூத்த மகன், மேசர் ஐயா!" என்று கூவினார்கள். பூசகர் தட்டத்தைக் கொண்டுவந்து கதிரையின் மேல் வைத்தார். வெயில் கொளுத்தியது. அழகரத்தினம் கதிரைக்குப் பக்கத்தில் நின்று, வெற்றிலை வாடாமல் குடை பிடித்தார். சால்வை வீட்டில் பெட்டிக்குள் கிடந்தது.

தலைவர் ஊரில் இல்லாவிட்டால் காளாஞ்சி அவருடைய தாய் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதும் முறை. அழகரத்தினமே சுமந்துகொண்டு போனார். அன்னப்பூரணி தட்டத்தை வாங்கி, கண்ணில் ஒற்றி, மடியில் வைத்துக்கொண்டாள்.

"இந்த நேரம் அந்தப் புள்ள அங்க என்னத்தைத் திண்டிச்சோ," என்றாள்.

பிறகு சீப்பிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்து, தோலை உரித்து, அவருடைய கையில் வைத்தாள்.

"அண்ணன்ட பங்கு. அவன் இல்லத்தானே, நீ தின்னு, மனே."

அழகரத்தினம் தின்றார். பழம் நன்றாகப் பழுத்திருந்தது. இனித்தது. அந்த இனிப்பைத்தான் அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.